கண்ணாடிக்குள் இடம் மாறும் சோடியம்: அது உடைவதும் உடையாமல் தாங்குவதும் எப்படி

ஜன்னல் கண்ணாடி, டம்ளர், ஊறுகாய் பாட்டில், போனின் முகப்பு என்று நாம் தினமும் தொடுகிற கண்ணாடிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சோடியம் இருக்கிறது, அந்தச் சோடியம் போட்ட இடத்தில் கிடப்பதும் இல்லை. கண்ணாடி கெட்டியாக நிற்கும்போதே அதற்குள் சோடியம் அயனிகள், அதாவது மின்சுமை ஏறிய சோடியம் அணுக்கள், ஓரிடத்திலிருந்து பக்கத்து இடத்துக்குத் தாவிக்கொண்டிருக்கின்றன. தாவினால் தாவட்டும், நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் கண்ணாடி ஏன் அவ்வளவு சுலபமாக உடைகிறது, போன் கண்ணாடி ஏன் அதைவிட அதிகம் தாங்குகிறது, குடோனில் அடுக்கி வைத்த கண்ணாடி ஏன் வெளுத்துப்போகிறது, அந்தக் காலத் தெர்மாமீட்டர்கள் ஏன் தப்பாகக் காட்டின என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால், எல்லாக் கேள்வியும் அந்தத் தாவலில்தான் வந்து நிற்கும். மின்சாரம் கடத்துவது ஒரு பாடம், உடைவது இன்னொரு பாடம் என்று பிரித்து நடத்துவதால்தான் பலருக்குக் கண்ணாடி புரியாமலே போகிறது என்பது என் எண்ணம். இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

முதலில் கட்டமைப்பு. மணலின் சாரம் சிலிக்கா. அதில் ஒவ்வொரு சிலிக்கன் அணுவைச் சுற்றியும் நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நான்முகி வடிவில் நிற்கும். ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கன்களுக்கு நடுவே பாலமாக இருக்கும், இப்படியே மூலைக்கு மூலை கோத்துக்கொண்டு போனால் முப்பரிமாணத்தில் ஒரு வலைப்பின்னல் கிடைக்கும். குவார்ட்ஸ் படிகத்திலும் இதே நான்முகிகள்தான், ஆனால் அங்கே அவை வரிசை தவறாமல் திரும்பத் திரும்ப வரும். கண்ணாடியில் அந்தப் பாலங்களின் கோணம் கொஞ்சம் இங்கே கூடி, அங்கே குறைந்து இருப்பதால், பக்கத்து அணு எங்கே என்று சொல்ல முடியும், பத்து அணு தள்ளி எது எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. 1932-இல் சக்கரியாசன் என்ற நார்வே நாட்டு அறிஞர் முன்வைத்த படம் இது. அதற்குப் பிறகு எவ்வளவோ திருத்தங்கள் வந்தாலும் அடிப்படையில் இன்றும் இந்தப் படத்தை வைத்துத்தான் பேசுகிறோம்.

வெறும் சிலிக்காவை உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும், உருகினாலும் பாகு மாதிரி நகர மாட்டேன் என்று நிற்கும். அதனால் சோடாவை, அதாவது சோடியம் கார்பனேட்டை, சேர்க்கிறார்கள். சோடா உள்ளே போய்ச் செய்கிற வேலை, பாலத்தை உடைப்பது. இரண்டு சிலிக்கன்களுக்கு நடுவே இருந்த ஆக்சிஜன் பாலம் அறுந்து, அந்த இடத்தில் தனித்தனியே இரண்டு ஆக்சிஜன் முனைகள் உண்டாகும், இரண்டும் எதிர்மின்சுமையோடு. அந்தச் சுமையைச் சரிக்கட்ட ஒவ்வொரு முனையின் பக்கத்திலும் ஒரு சோடியம் அயனி வந்து உட்காரும். பாலங்கள் குறைந்தால் வலை தளர்கிறது, உருகும் சூடு இறங்குகிறது. சோடாவை மட்டும் தாராளமாகப் போட்டால் கிடைப்பது தண்ணீரில் கரைகிற கண்ணாடி, அதனால் சுண்ணாம்பும் சேர்த்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் எடைக்கணக்கில் சிலிக்கா 70 முதல் 74 சதவீதம், சோடியம் ஆக்சைடு 13 முதல் 15, சுண்ணாம்பு 10 சதவீதத்தை ஒட்டி, மிச்சம் மக்னீசியமும் அலுமினியமும்.

இந்தக் கட்டமைப்பில் யார் எவ்வளவு இறுகப் பிடிபட்டிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். சிலிக்கனும் ஆக்சிஜனும் வலுவான பிணைப்பில் மாட்டிக்கொண்டவை. கால்சியத்துக்கு இரட்டை மின்சுமை, அதுவும் லேசில் அசையாது. சோடியத்துக்கு ஒரே ஒரு சுமை, உருவமும் சிறியது, அது எந்தப் பிணைப்பிலும் பூட்டப்படவில்லை, மின்கவர்ச்சியால் ஒரு பள்ளத்தில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்துப் பள்ளத்துக்குப் போக நடுவில் ஒரு மேடு. அணுக்கள் எப்போதும் வெப்பத்தால் அதிர்ந்துகொண்டிருப்பதால், எப்போதாவது ஓர் அதிர்வு அந்த மேட்டைத் தாண்டும் அளவுக்கு வலுவாக அமையும், அயனி தாவிவிடும். எளிய சோடியம் சிலிக்கேட் கண்ணாடியில் அந்த மேட்டின் உயரம் சுமார் 0.7 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). இதை வைத்துக் கணக்குப் போட்டால், அறை வெப்பநிலையில் ஓர் அயனி நொடிக்குச் சில முறையோ பத்துப் பதினைந்து முறையோ தாவுகிறது. 400 டிகிரியில் அதே அயனி நொடிக்குக் கோடிக்கணக்கான முறை தாவும். சூடு கொஞ்சம் ஏறினாலும் வேகம் மடங்கு மடங்காகப் பெருகுவது இதனால்தான். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தாவியதில் பெரும்பாலானவை அடுத்த கணமே பழைய இடத்துக்கே திரும்பிவிடும், ஆகவே நிறையத் தாவுகிறது என்பதற்காக வெகுதூரம் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. 1884-இலேயே எமில் வார்பர்க் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர், சூடாக்கிய திடக் கண்ணாடி வழியே மின்சாரம் பாய்ச்சி, அதைச் சுமந்து போவது சோடியம் அயனிகள்தான் என்று காட்டிவிட்டார். எனக்குப் பிடித்தது 1925-இல் பர்ட் என்பவர் செய்த பரிசோதனை. ஒரு சாதாரண மின்விளக்குக் குமிழை எடுத்து, அதன் அடிப்பகுதியை உருகிய சோடியம் நைட்ரேட்டில் முக்கி வைக்க வேண்டும். உள்ளே இழை எரிகிறது, அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பிக் குமிழின் உட்சுவரில் போய் விழுகின்றன. வெளியே இருக்கிற உருகிய உப்பை நேர்முனையாக வைத்தால், கண்ணாடியிலுள்ள சோடியம் அயனிகள் உள்பக்கம் இழுக்கப்படும். உட்சுவரை எட்டிய அயனி அங்கே காத்திருக்கும் எலக்ட்ரானைப் பெற்று முழுச் சோடியம் அணுவாகிவிடும், சூட்டில் ஆவியாகிக் குமிழின் குளிர்ந்த மேல்பகுதியில் படியும். கொஞ்ச நேரத்தில் குமிழுக்குள் பளபளவென்று சோடியம் உலோகப் பூச்சு தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடியில் ஓட்டை கிடையாது, உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கிறது, காற்று ஒரு பொட்டுக்கூட நுழையவில்லை, சோடியம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துவிட்டது. உள்பக்கம் ஒன்று வெளியேறினால் வெளிப்பக்க உப்பிலிருந்து ஒன்று கண்ணாடிக்குள் நுழைவதால் கண்ணாடிக்கும் சேதமில்லை.

இதே குணத்தைத் தொழிலிலும் பயன்படுத்துகிறார்கள். குளிர்ந்த கண்ணாடி நல்ல மின்காப்பு, ஆனால் உருகிய கண்ணாடி மின்சாரம் கடத்தும், அதனால் பல உலைகளில் கண்ணாடிக் குழம்புக்குள்ளேயே மின்முனைகளை இறக்கி, மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றுகிறார்கள். ஆய்வகங்களில் அமிலத்தன்மை பார்க்கிற பி.எச். மீட்டரின் முனையில் இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குமிழும் அயனிகள் அசைவதால்தான் வேலை செய்கிறது.

அப்படியானால் கண்ணாடி மெதுவாக ஒழுகுகிற திரவம்தானே, பழைய ஐரோப்பிய தேவாலயங்களில் ஜன்னல் கண்ணாடிகள் அடிப்பக்கம் தடித்துப்போனது அதனால்தானே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். இல்லை. அசைவது சோடியம், வலைப்பின்னல் இல்லை. கண்ணாடி ஒழுக வேண்டுமென்றால் சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்புகளே அறுந்து மாற வேண்டும், அறை வெப்பநிலையில் அதற்கு வாய்ப்பே இல்லாத மாதிரிதான். இடைக்காலத் தேவாலயக் கண்ணாடியின் கலவையையே திரும்ப உருக்கி அளந்து, 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நூறு கோடி ஆண்டுகளில் அது அதிகபட்சம் ஒரு நானோமீட்டர் அளவுதான் ஒழுகும் என்று கணக்குச் சொன்னார்கள். ஊதிச் சுழற்றித் தயாரித்த அந்தக் காலத் தகடுகள் பிறக்கும்போதே ஒரு பக்கம் தடிப்பாகத்தான் பிறந்தன. நிலையாக நிற்கும் வலை, அதற்குள் திரியும் அயனி என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மேற்கொண்டு வருவதெல்லாம் தெளிவாகிவிடும்.

இப்போது வலிமைக்கு வருவோம். சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பு அவ்வளவு வலுவானது என்றால் கண்ணாடி இரும்பையே மிஞ்ச வேண்டும். பிணைப்பின் வலுவை வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணாடி 7,000 மெகாபாஸ்கலுக்கும் (ஒரு பரப்பின் மீது எவ்வளவு விசை என்பதன் அலகு) மேல் தாங்க வேண்டும். கடையில் வாங்குகிற ஜன்னல் கண்ணாடி 50, 100 மெகாபாஸ்கலிலேயே போய்விடுகிறது. மிச்ச வலிமை எங்கே போயிற்று? இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கிரிஃபித் 1921-இல் வெளியான தன் ஆய்வில் இதற்குப் பதில் சொன்னார். கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன, கண்ணாடியை இழுக்கும்போது அந்தக் கீறலின் நுனியில் விசை குவிந்து பல மடங்காகிறது, அங்கே பிணைப்பு அறுந்தால் அடுத்த பிணைப்பு, அதற்கடுத்தது என்று ஓடிவிடுகிறது. அவர் கண்ணாடியை இழைகளாக இழுத்துப் பார்த்தார், இழை மெல்லியதாக ஆக ஆக வலிமை கூடிக்கொண்டே போயிற்று, ஏனென்றால் மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை.

இன்றைய கணக்கில் சொன்னால், மேற்பரப்பில் 10 மைக்ரோமீட்டர் ஆழக் கீறல் இருக்கும் சாதாரணக் கண்ணாடி சுமார் 120 மெகாபாஸ்கல் இழுவிசையில் உடையும், கீறல் 100 மைக்ரோமீட்டர் என்றால் சுமார் 40 போதும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட 100 மைக்ரோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உலோகமாக இருந்தால் கீறல் நுனியில் கொஞ்சம் வளைந்து நெளிந்து விசையைத் தணித்துக்கொள்ளும், கண்ணாடியின் வலைப்பின்னலுக்கு அந்த நெளிவு கிடையாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: கீறல் திறப்பது இழுவிசையில்தான். அமுக்கினால் கீறல் மூடிக்கொள்ளும். ஆகவே கண்ணாடியை உடையாமல் வைக்க ஒரு வழி, அதன் மேற்பரப்பை எப்போதும் அமுக்கத்திலேயே வைத்திருப்பது. வெளியிலிருந்து வரும் விசை முதலில் அந்த அமுக்கத்தைத் தீர்த்துக்கட்டிய பிறகுதான் கீறலை இழுக்கவே தொடங்க முடியும்.

கதவு, கார் பக்கக் கண்ணாடிகளில் இதைச் சூட்டால் செய்கிறார்கள். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இருபக்கமும் காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்தால் வெளித்தோல் முதலில் இறுகும், உள்பகுதி பின்னால் சுருங்கும்போது வெளித்தோலை உள்ளிழுத்து அமுக்கும். இதற்குக் கண்ணாடி ஓரளவு தடிப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் குளிர்ந்துவிடும். போன் கடையில் டெம்பர் கிளாஸ் என்று ஒட்டிக்கொடுக்கிற 0.3 மில்லிமீட்டர் தகட்டில் இந்த வேலை நடக்காது. அதில் வலுவேற்றியிருந்தால் அது வேறு வழியில், அயனியை மாற்றிச் செய்தது.

அந்த வழியை 1962-இல் சாமுவேல் கிஸ்லர் எழுதி வைத்தார். மிக மிக லேசான ஏரோஜெல் என்ற பொருளை 1931-இல் உண்டாக்கியவரும் இவர்தான். செய்முறை கேட்பதற்கு எளிது. சோடியம் உள்ள கண்ணாடியைப் பொட்டாசியம் நைட்ரேட், அதாவது நம் வெடியுப்பு, உருகிய தொட்டியில் 400 முதல் 450 டிகிரி சூட்டில் சில மணி நேரம் மூழ்க வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் சோடியம் சுறுசுறுப்பாகத் தாவும், கண்ணாடியை விட்டு உப்புக்குள் போகும், அது விட்டுப்போன இடத்தில் உப்பிலிருந்து பொட்டாசியம் ஏறும். சோடியம் அயனியின் ஆரம் 1.02 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), பொட்டாசியத்துக்கு 1.38, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெரியது. 400 டிகிரியில் வலைப்பின்னல் இன்னும் கெட்டியாகவே இருக்கிறது, சோடியத்துக்கென்று அமைந்த இடம் பொட்டாசியத்துக்காக விரிந்துகொடுக்க முடியாது. காம்பு ஆடுகிற மண்வெட்டியைத் தண்ணீரில் ஊறப் போடுவார்களே, மரம் உப்பப் பார்க்கும், இரும்பு வளையம் விடாது, கடைசியில் காம்பு இறுகிப் பிடித்துக்கொள்ளும். இங்கே உப்புவது பொட்டாசியம் ஏறிய மேல்தோல், விடாமல் பிடிப்பது பொட்டாசியம் எட்டாத உள்கண்ணாடி. விளைவு, மேற்பரப்பில் 700, 800 மெகாபாஸ்கல் அமுக்கம். சூட்டால் டெம்பர் செய்ததில் கிடைப்பது 100 மெகாபாஸ்கலை ஒட்டித்தான்.

சூட்டைக் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியுமே என்றால், முடியும், ஆனால் 500 டிகிரியை நெருங்கினால் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியின் வலையே மெல்ல இளக ஆரம்பித்துவிடும், உண்டாக்கிய அமுக்கம் கையோடு கரைந்துவிடும். அயனி ஓட வேண்டும், வலை நிற்க வேண்டும், இந்த இரண்டும் ஒத்துப்போகிற சூட்டில்தான் இதைச் செய்ய முடியும். நேரத்தைக் கூட்டியும் பெரிய லாபமில்லை. அயனிகள் இப்படித் தாவித் தாவிப் பரவுகிற விரவலில் ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும், அதனால் இரு மடங்கு ஆழம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் சில மணி நேரத்தில் 10, 20 மைக்ரோமீட்டர் ஆழம் கிடைத்தாலே நல்லது, கால்சியம் வழியை அடைத்துக்கொண்டு நிற்பதும் இதற்கு ஒரு காரணம்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது அலுமினியம். கண்ணாடியில் அலுமினியம் சிலிக்கனைப் போலவே நான்கு ஆக்சிஜனுக்கு நடுவே உட்காரும், ஆனால் அதற்கு ஒரு மின்சுமை குறைவு, அதைச் சரிக்கட்டும் வேலைக்குச் சோடியம் வந்து நிற்கும். அறுந்த பாலங்கள் மறுபடி சேரும், வலை இறுகும், அதிகச் சூடு தாங்கும். அதே சமயம் சோடியத்தின் மீது பிடி தளரும், ஏனென்றால் முன்பு ஒரே ஆக்சிஜன் முனையில் குவிந்திருந்த எதிர்ச்சுமை இப்போது அலுமினியத்தைச் சுற்றிய நான்கு ஆக்சிஜன்களில் பரவிக் கிடக்கிறது. வலை உறுதியாகவும் அயனி சுலபமாகவும் ஆவது ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றும், அலுமினியம் இரண்டையும் ஒரே சேர்க்கையில் கொடுத்துவிடுகிறது. கண்ணாடி வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இப்படிப்பட்ட கண்ணாடியில் 40, 50 மைக்ரோமீட்டர் ஆழம் சாத்தியம். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1962-இலேயே கெம்கார் என்ற பெயரில் வலுவேற்றிய கண்ணாடியை அறிமுகப்படுத்தியது, போதிய சந்தை அமையாமல் அது கிடப்பில் போயிற்று, 2007-இல் ஐபோன் வந்தபோதுதான் கொரில்லா கிளாஸ் என்ற பெயரில் அந்த அறிவுக்கு மறுவாழ்வு கிடைத்தது. பிற்பாடு லித்தியம் கலந்த கண்ணாடிகளும் வந்தன. சின்ன லித்தியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை ஆழமாக நுழைத்து, அதற்கு மேல் பொட்டாசியத்தை மேலோட்டமாக ஏற்றினால் அமுக்கம் 100 மைக்ரோமீட்டரையும் தாண்டி உள்ளே போகும்.

ஆழத்துக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு? அமுக்கம் எவ்வளவு பெரிதானாலும் கீறலின் நுனி அந்த அடுக்குக்குள் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. மேல்தோல் அமுக்கத்தில் இருந்தால் கணக்கு நேராக, நடுப்பகுதி இழுவிசையில் இருந்தே ஆக வேண்டும். 0.7 மில்லிமீட்டர் தகட்டில் இருபக்கமும் 40 மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு, மேற்பரப்பில் 800 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஏறக்குறைய 50 மெகாபாஸ்கல் இழுவிசை நிரந்தரமாக இருக்கும். தார் ரோட்டில் முகம் குப்புற விழுந்து, ஒரு சரளைக்கல்லின் கூர்முனை 60 மைக்ரோமீட்டர் உள்ளே குத்திவிட்டால் கீறலின் நுனி அந்த இழுவிசைப் பகுதிக்குள் வந்துவிட்டது, அப்புறம் அதுவே இழுத்துப் பிளந்துகொள்ளும். வழவழப்பான டைல்ஸ் தரையில் பலமுறை விழுந்து பிழைத்த போன், ரோட்டில் ஒரே முறை விழுந்ததில் போவதற்கு இந்தக் கூர்முனைதான் பெரும்பாலும் காரணம், உயரம் அல்ல.

அயனிகள் இப்படித் தாவுமென்றால் ஏற்றிய பொட்டாசியம் கொஞ்சநாளில் உள்ளே பரவி அமுக்கம் போய்விடாதா? நியாயமான கேள்வி, இதற்கான பதிலில்தான் கண்ணாடி ஆய்வில் நூறு ஆண்டுக்கு மேல் பேசப்படும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கண்ணாடிகளுக்குள் ஒப்பிட்டால் சோடியம் மட்டும் உள்ள கண்ணாடி நன்றாக மின்சாரம் கடத்தும், பொட்டாசியம் மட்டும் உள்ளதும் ஓரளவு கடத்தும். இரண்டையும் கலந்தால் நடுவாந்தரமாக இருக்கும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு, கடத்தும் திறன் பல ஆயிரம் மடங்குகூடச் சரிந்துவிடும். ஒவ்வோர் அயனியும் தான் தங்கும் இடத்தைத் தன் உருவத்துக்கேற்பச் சுற்றியுள்ள ஆக்சிஜன்களோடு ஒத்துப்போகச் செய்து வைத்திருக்கிறது. சோடியம் விட்ட இடம் பொட்டாசியத்துக்குப் பொருந்தாது, பொட்டாசியம் விட்டது சோடியத்துக்குப் பொருந்தாது, வழிகள் எல்லாம் அடைபடுகின்றன. வலுவேற்றிய கண்ணாடியின் மேல்தோல் இப்படிப்பட்ட கலவைதான், அதனால் அறை வெப்பநிலையில் அந்தப் பொட்டாசியம் எங்கும் போவதில்லை, போனின் ஆயுளுக்கு அமுக்கம் பத்திரம்.

இந்தக் கலப்பு விளைவு முதலில் மாட்டிக்கொண்டது தெர்மாமீட்டரில். 19-ஆம் நூற்றாண்டுத் தெர்மாமீட்டரைக் கொதிநீரில் வைத்துவிட்டு உடனே பனிக்கட்டியில் வைத்தால் பூஜ்யத்துக்குக் கீழே காட்டும், சில கண்ணாடிகளில் அரை டிகிரிக்கும் மேல், பிறகு நாள்கணக்கில் மெல்ல மேலே ஏறும். கண்ணாடிக் குமிழ் சூட்டில் விரிந்தது, குளிர்ந்த பிறகும் முழுதாகச் சுருங்கத் தாமதிக்கிறது என்று அர்த்தம். ஜேம்ஸ் ஜூல் தன்னுடைய ஒரு தெர்மாமீட்டரின் பூஜ்யம் நகர்வதை 1844-இலிருந்து 38 ஆண்டுகள் குறித்து வந்தார், அது நின்றபாடில்லை. 1880-களில் ஜெர்மனியில் இதை ஆராய்ந்தபோது, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும் கண்ணாடிகளில்தான் கோளாறு அதிகம், ஒன்று மட்டும் இருந்தால் வெகுவாகக் குறைகிறது என்று தெரியவந்தது. யேனா நகரில் ஓட்டோ ஷாட் இதை வைத்துத்தான் தெர்மாமீட்டருக்கென்றே தனிக் கண்ணாடி செய்தார்.

இயந்திர குணத்தையும் அயனித் தாவலையும் நேரடியாக இணைக்கிற அளவீடு ஒன்று உண்டு, உள் உராய்வு. கண்ணாடி இழையை நொடிக்கு ஒருமுறை முறுக்கி விட்டு ஆட்டினால், ஒவ்வோர் ஆட்டத்திலும் கொஞ்சம் ஆற்றல் உள்ளேயே தொலையும். சோடியம் கண்ணாடியில் அறை வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே இந்த இழப்பு உச்சத்தைத் தொடும், ஏனென்றால் அந்த வெப்பநிலையில் சோடியம் நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை தாவுகிறது, ஆட்டத்தின் வேகமும் தாவலின் வேகமும் பொருந்துகின்றன. முறுக்கும்போது சில இடங்கள் அகலும், சில குறுகும், அயனிகள் வசதியான பக்கம் நகர்ந்துகொள்ளும், அதுதான் ஆற்றலைத் தின்கிறது. பொட்டாசியத்தையும் கலந்தால் அந்த உச்சம் சுருங்கி, அதிக வெப்பநிலையில் வேறொரு பெரிய உச்சம் எழும்பும். சாதாரணமாக ஆடாத பொருள் என்று நாம் நினைக்கும் கண்ணாடி, விசைக்கேற்ப உள்ளுக்குள் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை. கொரில்லா கிளாஸை ஒன்றரை ஆண்டு அறை வெப்பநிலையில் வைத்து அளந்ததில் ஒரு மீட்டர் தகடு சுமார் 10 மைக்ரோமீட்டர் சுருங்கியிருந்தது என்று 2013-இல் வெளியான ஆய்வும் இதே கலப்பு அயனிகளைத்தான் காரணமாகச் சொல்கிறது. வலை ஒழுகவில்லை, அயனிகள் இடம் சரிசெய்ததில் வந்த சுருக்கம்.

தண்ணீரை விட்டுவிட்டால் இந்தக் கதை பாதியில் நிற்கும். கண்ணாடி வெட்டுகிறவர்கள் கோடு போட்ட இடத்தைக் கொஞ்சம் ஈரப்படுத்தி ஒடிப்பதுண்டு, ஈரத்தில் சுலபமாக ஒடியும். கீறலின் நுனியில் நீட்டிக்கப்பட்டு நிற்கும் ஒரு சிலிக்கன்-ஆக்சிஜன்-சிலிக்கன் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீர் மூலக்கூறு அங்கே வந்து சேர்ந்தால், பாலம் இரண்டாக அறுந்து இருபக்கமும் ஹைட்ராக்சில் முனைகளாக முடிந்துவிடும். கீறல் ஒரு பிணைப்பின் தூரம் முன்னேறியது, அடுத்த பாலம் அடுத்த மூலக்கூறுக்குத் தயார். விசை உடைக்கப் போதாவிட்டாலும் காற்றின் ஈரம் மிச்ச வேலையைச் செய்துவிடுகிறது. 1967-இல் வீடர்ஹார்ன் என்ற ஆய்வாளர், காற்றில் ஈரம் கூடக் கூடக் கீறல் வேகமாக நகர்வதை அளந்து காட்டினார். முழு வேகத்தில் உடையும் கண்ணாடியில் கீறல் நொடிக்கு 1,500 மீட்டர் ஓடும், ஈரத்தின் உதவியோடு ஊரும்போது அதே கீறல் ஒரு மைக்ரோமீட்டர் நகரவே மணிக்கணக்கில் ஆகலாம். நேற்றுவரை நன்றாக இருந்த கண்ணாடி யாரும் தொடாமலே இன்று விரிவது இப்படித்தான்.

சோடியத்துக்கும் இதில் பங்கு உண்டு. சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியில் விசை ஓர் எல்லைக்குக் கீழே போனால் கீறல் நின்றேவிடும், சுத்தச் சிலிக்காவில் அப்படித் தெளிவான எல்லை தெரிவதில்லை. கீறல் நுனியில் சோடியம் வெளியேறி, தண்ணீரிலிருந்து அதைவிடப் பெரிய ஹைட்ரோனியம் அயனி (ஒரு ஹைட்ரஜன் அயனி ஒட்டிய நீர் மூலக்கூறு) அங்கே ஏறுவதால் நுனியில் அமுக்கம் உண்டாகிறது என்பது ஒரு விளக்கம். நுனி மழுங்கிவிடுகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு முதல் விளக்கம் பொருத்தமாகப் படுகிறது, உப்புத் தொட்டியில் நாம் வேண்டுமென்று செய்வதை, கீறல் நுனியில் தண்ணீர் தானாகச் செய்கிறது.

அதே அயனி மாற்றம் மேற்பரப்பு முழுக்க நடந்தால் நாசம்தான். மழைக்காலத்தில் குடோனில் நெருக்கி அடுக்கிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஈரம் சிக்கினால், சோடியம் அந்தத் துளித் தண்ணீருக்குள் இறங்கும், தண்ணீர் காரமாகும், காரம் ஏறிய தண்ணீர் வலைப்பின்னலையே அரிக்கத் தொடங்கும், துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் விழுந்துவிடும். தகடுகளுக்கு நடுவே காகிதமோ தூளோ போடுவது இதற்காகவும்தான், வெறும் உரசலுக்கு மட்டுமல்ல.

இதே போனுக்குள் முகப்புக் கண்ணாடிக்குக் கீழே, படம் காட்டும் திரையின் கண்ணாடியில் சோடியமே சேர்ப்பதில்லை. அங்கே கண்ணாடியின் மேலேயே டிரான்சிஸ்டர்கள் கட்டப்படுகின்றன, சோடியம் அதற்குள் ஏறினால் அவை கெட்டுவிடும். சூரிய மின்தகடுகளில் இந்தத் தொல்லை இன்னும் பெரிது, ஏனென்றால் அங்கே முன்பக்கம் இருப்பது சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, தகடுகளைத் தொடராக இணைக்கும்போது சட்டத்துக்கும் மின்கலத்துக்கும் நடுவே 1,000 வோல்ட் வரைக்கும், சில அமைப்புகளில் 1,500 வரைக்கும் வேறுபாடு வரும். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் கண்ணாடியிலிருந்து சோடியம் கிளம்பி, நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் படலத்தைத் தாண்டி, சிலிக்கனுக்குள் புகுந்து, மின்கலத்தை உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கும், மின் உற்பத்தி சரியும். சோடியம் இல்லாத கண்ணாடி போட்டால் தீரும், ஆனால் ஏக்கர்கணக்கில் விரிக்கிற தகடுகளுக்கு அந்த விலை கட்டாது. அதனால் மின்தடை அதிகமுள்ள படலத்தை நடுவில் போடுகிறார்கள். ஏற்கெனவே நிறுவிய இடங்களில் இரவில் தலைகீழாக மின்னழுத்தம் கொடுத்து, உள்ளே போன சோடியத்தை வந்த வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அனுப்புகிறார்கள், இழந்த உற்பத்தியில் பெரும்பகுதி அப்படித் திரும்பக் கிடைக்கிறது.